முன்ஷி அப்துல்லா: கேட்டுக் கற்றதும் படித்துக் கற்றதும்

மலாக்காவில் கம்போங் பாலி என்று ஓர் இடம் இருந்தது. கம்போங் மஸ்ஜித் என்றும் அதைச் சொல்வார்கள். பாலி என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய பள்ளிதான். பள்ளிவாசல் இருந்த பகுதிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் மலாய் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. அங்கே 1796-ஆம் ஆண்டு பிறந்த ஒரு பிள்ளைதான் பின்னாளில் முன்ஷி அப்துல்லா என்று மலாய் உலகம் முழுவதும் பெயர் பெற்றவர். பள்ளிக்கூடத்தில் மலாய் இலக்கியம் படித்த நம் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அவர் தமிழ் படித்தவர் என்பதோ, அவருடைய பாட்டியார் பெயர் பெரியாச்சி என்பதோ அந்த ஒரு வரியில் வராது.

பொன்விழா மலருக்கு முன்னோர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நான் ஆலிமும் அல்லன், ஆசிரியரும் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு வாப்பாவின் கடையைக் கவனித்து வருகிறவன். ஆனாலும் அப்துல்லாவைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சாக இருக்கிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொள்கிறார்கள், புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். பார்த்துக் கற்றால் என்ன குறைந்துவிடும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவர் அப்துல்லா. எந்த வழியில் எது கிடைத்தது என்பதைத் தம் கையாலேயே எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமன் நாட்டு அரபி. அவர் நாகூருக்கு வந்து அங்கேயே திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகளில் ஒருவரான முஹம்மது இப்ராஹீம் கடல் கடந்து மலாக்கா வந்து, சேகு மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த அப்துல் காதிர்தான் நம் அப்துல்லாவின் தந்தை. வியாபாரமும் செய்வார், மார்க்கமும் கற்பிப்பார், மலாயில் கடிதம் எழுதுவதில் பெயர் பெற்றவர். மலாய் மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதிய வில்லியம் மார்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தம் தந்தையிடம் மலாய் படித்ததாக அப்துல்லா எழுதுகிறார். தாயார் பெயர் ஸலாமா. அப்துல்லாவுக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் சிறு வயதிலேயே இறந்துபோயின. ஐந்தாவதாக வந்த இவரும் நோஞ்சான். பிழைக்க வேண்டுமே என்று பல வீட்டுத் தாய்மார்களிடம் பால் குடிக்கக் கொடுத்து வளர்த்தார்கள்.

அவருடைய பாட்டியார் கம்போங் பாலியில் ஓதிக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அங்கே ஓதினார்கள் என்று அப்துல்லா கணக்குச் சொல்கிறார். நூறு ஆண்டு கழித்துக்கூட நம் ஊர்களில் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்ததை நினைத்தால், ஒரு பெண்மணி இருநூறு பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார் என்பது சாதாரணச் செய்தி அன்று. ஆனால் அந்தக் காலத்துப் பள்ளிகளின் மற்றொரு முகத்தையும் அப்துல்லா மறைக்கவில்லை. ஓதாத பிள்ளைகளுக்கு என்னென்ன தண்டனை என்று ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பிரம்பு உண்டு. விரல்களை இடையில் வைத்து நெருக்கும் சீன இடுக்கி உண்டு. காலில் சங்கிலி போடுவதும், புகை மூட்டத்தில் நிறுத்துவதும் உண்டு. படிக்கிற நமக்கே விரல் வலிக்கிறது.

அங்கே நடந்தது முழுக்க முழுக்கக் காது வழிக் கல்விதான். உஸ்தாத் ஓதுவார், பிள்ளை கேட்டு, திருப்பி ஓதி, மனத்தில் பதித்துக்கொள்ளும். பொருள் தெரியாது. பொருள் தெரியாமல் ஓதுவதைப் பற்றியும், தாய்மொழியைக் கற்காமல் விட்டதைப் பற்றியும் அப்துல்லா பிற்காலத்தில் கடுமையாகவே எழுதினார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அதற்கு அவர் எழுதிய ஒரு நிகழ்ச்சியையே சாட்சியாகக் காட்டுவேன். மலாக்காவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் குர்ஆன் ஓதி வந்தாலும், ஓதும் முறையில் பிழைகள் இருந்தன. ஆச்சேயிலிருந்து ஒரு முஅல்லிம் வந்து உட்கார்ந்து, எழுத்து எழுத்தாக வாயில் எடுத்துக் காட்டிய பிறகுதான் அவை திருந்தின. புத்தகம் அதற்கு முன்பும் எல்லார் வீட்டிலும் இருந்தது. தொண்டையின் எந்த இடத்திலிருந்து எந்த எழுத்துப் பிறக்கிறது என்பதைத் தாள் சொல்லித் தராது. தஜ்வீதுக்குக் காதும் வேண்டும், எதிரே ஓர் ஆளும் வேண்டும்.

ஓதி முடித்ததும் தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் வசதியும் மரியாதையும் உள்ள குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்கிறார் அப்துல்லா. துறைமுகம் முழுவதும் தமிழ் வியாபாரிகள். கணக்கு எழுதுவதும் பற்று வரவு பார்ப்பதும் தமிழில் நடந்தன. தமிழ் தெரியாதவன் பேரம் பேச முடியாது, பேசினாலும் கணக்கைச் சரிபார்க்க முடியாது. இரண்டரை ஆண்டுகள் அவர் தமிழ் படித்தார். இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது என்று இன்று நம்மவர்களே கேட்கிற ஊர்களில், ஒரு காலத்தில் காசு பார்க்க வேண்டுமானால் தமிழ் படி என்று பெரிய வீட்டுப் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அடுத்துக் கற்ற மொழிக்கு அவருக்குப் பள்ளிக்கூடமே தேவைப்படவில்லை. மலாக்காக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களாக இருந்தவர்கள் குர்ஆன் ஓதித் தரும்படி இந்தச் சிறுவரைக் கேட்டார்கள். அவர் ஓதிக்கொடுக்கப் போனார், அவர்கள் பேசிய இந்துஸ்தானியைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். முன்ஷி, அதாவது மொழி ஆசிரியர், என்ற பட்டம் அந்தச் சிப்பாய்கள் கொடுத்ததுதான். அரசரோ ஆங்கிலேயரோ கொடுத்த பட்டம் அன்று. சாகும்வரை அதுவே அவர் பெயராக நின்றுவிட்டது.

1807-இல் அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை, மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனால் ஆபத்து என்று அஞ்சி இடித்தார்கள். அப்துல்லாவுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். யானை பெரிது வீடு பெரிது என்னும்படியான கற்கள் மேலே பறந்து கடலில் விழுந்ததை அவர் எழுதியிருக்கிறார். கண்ணால் பார்த்ததை இத்தனை ஆண்டு கழித்து இவ்வளவு துல்லியமாக எழுத முடியுமா என்று வியப்பாக இருக்கிறது. அன்று அந்தக் கரையில் ஊர்மக்கள் எத்தனையோ பேர் நின்று பார்த்திருப்பார்கள். அவர்கள் பார்த்தது அவர்களோடு போயிற்று. நமக்குக் கிடைத்திருப்பது எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை பார்த்தது.

இப்படிக் குர்ஆன், தமிழ், இந்துஸ்தானி என்று போய்க்கொண்டிருந்தவரைத் தந்தை ஒரு நாள் மலாயில் சோதித்தார். தேறவில்லை. நாள் முழுவதும் பேசுகிற மொழி, அதைப் போய்ப் படிப்பானேன் என்று பிள்ளை இருந்துவிட்டது. தந்தை கோபக்காரர். அதன்பிறகு விடவில்லை. மலாயில் எழுது, நகல் எடு, அரபியில் இருப்பதை மலாயில் சொல் என்று தினமும் வேலை வைத்தார். ஒரு சொல்லை வாயால் சொல்வதற்கும் அதை எழுத்தில் பிழையின்றி நிறுத்துவதற்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் பிள்ளைக்குத் தெரிந்தது. ஜாவி எழுத்தில் ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். அரபுத்தமிழ் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று வியாபாரியான எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாள் ஒரு கப்பல் நகுதா, தாம் வாங்கும் கடனுக்குப் பத்திரம் எழுத வேண்டி அப்துல் காதிரைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவர் வெளியே போயிருந்தார். நகுதாவுக்கு அவசரம். தந்தை இல்லை, வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன் என்று பிள்ளை சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டது. கடன் பத்திரம் என்பது விளையாட்டு அன்று. வாங்கியவர் யார், கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு, தவணை எப்போது என்பதில் ஒரு சொல் தடுமாறினால் நாளை வழக்கு வரும். தந்தை வந்து பார்த்தார். எழுத்தில் குறை இல்லை. தெரிந்துகொண்டே இத்தனை நாள் சோம்பேறித்தனம் காட்டினாயா என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். ஆனால் பிறகு மனைவியிடம், இன்றைக்குத்தான் நமக்கு இந்தப் பிள்ளை பிறந்தது போல இருக்கிறது என்று மனம் நிறைந்து சொல்லியிருக்கிறார். நான்கு பிள்ளைகளை மண்ணில் வைத்த தந்தை சொன்ன சொல் அது. பிள்ளை அதை மறைவிலிருந்து கேட்டுக்கொண்டது. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பாராட்டாத வாப்பாமார் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

தந்தை கொடுத்தது போதாமல் அப்துல்லா ஊரில் மலாய் நன்கு அறிந்த முதியவர்களைத் தேடிப் போனார். பழைய சொற்கள், பழமொழிகள், மரியாதைச் சொற்கள், ராஜாக்களுக்கு எழுதும்போது எப்படித் தொடங்குவது என்பதையெல்லாம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கேட்டதை எழுதிக்கொண்டார். அப்போது அவருக்கு ஒரு கேள்வி வந்தது. தமிழுக்கு ஆசிரியர் இருக்கிறார், அரபிக்கு இருக்கிறார், ஆங்கிலேயர்கள் தங்கள் மொழிக்குப் பள்ளி வைத்திருக்கிறார்கள், மலாய்க்கு மட்டும் ஏன் பள்ளி இல்லை? கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. அது நம் சொந்த மொழி, பாட்டன் காலத்திலிருந்து பேசுகிறோம், அதைப் போய் யாராவது படிப்பார்களா என்றார்கள்.

இந்தப் பதில்தான் அப்துல்லாவை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. காதால் மட்டும் வந்த மொழி, பேசுகிறவர்களோடு சுருங்கிக்கொண்டே போகும் என்று அவர் கண்டார். சந்தையில் எந்தச் சொல் புழங்குகிறதோ அது மட்டும் நிற்கும். மற்றவை முதியவர்களோடு மண்ணுக்குப் போய்விடும்.

நம் வீட்டுக்கதையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் பாட்டனார் ஊரிலிருந்து வரும்போது பேச்சு மட்டும்தான் கொண்டுவந்தார், எழுத்து கொண்டுவரவில்லை. ஊரிலிருந்து கடிதம் வந்தால் அஞ்சடியில் உட்கார்ந்திருந்த ஒரு கிராணியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் உரக்கப் படிப்பார். மனைவி எழுதுவித்த வருத்தமும், மைத்துனர் கேட்ட பணமும், பங்காளிச் சண்டையும் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்கும். பதில் எழுதும்போதும் அப்படித்தான். தம் மனைவிக்கு ஓர் அன்பான சொல் எழுத அவர் வெட்கப்பட்டார் என்று வாப்பா சொல்வார்கள், ஏனென்றால் அதைக் கிராணியின் காதில் முதலில் சொல்ல வேண்டுமே. என் பிள்ளைகளும் தமிழ் பேசுகிறார்கள். நன்றாகவே பேசுகிறார்கள். பாட்டியின் குரல்பதிவு கைப்பேசியில் வந்தால் புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள். பாட்டி எழுதிய நான்கு வரியைக் காட்டினால் என்னிடம் கொண்டுவருகிறார்கள். இரண்டு தலைமுறை கழிந்து, அந்தக் கிராணியின் இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

1810-இன் இறுதியில் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவா மீது படை எடுப்பதற்கு முன் மலாய் ராஜாக்களுக்கு எழுத வேண்டிய கடிதங்கள் ஏராளம் இருந்தன. எழுதவும் நகலெடுக்கவும் ஆட்களை அமர்த்தினார். அவர்களில் வயதில் மிக இளையவர் அப்துல்லா. அங்கே அவர் வேலையும் செய்தார், வேடிக்கையும் பார்த்தார். ராஃபிள்ஸ் இரவில் எப்படி வேலை செய்வார் என்பதை அவர் எழுதியிருப்பது சுவையானது. மேசைமீது மல்லாந்து கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாராம். தூங்குகிறார் என்று நினைத்தால் திடீரென்று துள்ளி எழுந்து எழுதுவார், மறுபடி படுத்துக்கொள்வார். நள்ளிரவு நெருங்கும்வரை இப்படியே நடக்கும். ஒரு மனிதர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை எந்தப் புத்தகமும் இப்படிக் காட்டியிருக்காது.

ராஃபிள்ஸ் மலாய் ஏடுகளை விலைக்கு வாங்கினார், கிடைக்காதவற்றை நகலெடுத்தார். பல நாடுகளிலிருந்து வந்து குவிந்தன. 1824 பிப்ரவரியில் அவர் பெங்கூலனிலிருந்து தாயகம் புறப்பட்ட ஃபேம் என்ற கப்பல் தீப்பிடித்து எரிந்தது. உயிர்கள் தப்பின, கப்பலில் ஏற்றியிருந்தவை சாம்பலாயின. செய்தி அறிந்து அப்துல்லா மிகவும் நொந்துபோனார். ஏட்டில் எழுதிவிட்டால் அழியாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு பிரதி இருக்கிற ஏடும் ஒரே ஒரு முதியவரின் நினைவும் ஒன்றுதான். அச்சு இயந்திரத்தின் மீது அப்துல்லாவுக்கு இருந்த பற்றை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த இயந்திரம் அவருக்குப் பாதிரிமார் வழியாக வந்தது. 1815-இல் வில்லியம் மில்ன் மலாக்கா வந்தார். அவரும் உடன் இருந்தவர்களும் அப்துல்லாவிடம் மலாய் கற்றார்கள், அப்துல்லா அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். ஊர் சும்மா இருக்குமா? பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று பேச்சு எழுந்தது. தந்தைக்கும் அந்தக் கவலை வந்தது. பிற்காலத்தில்கூடச் சிலர் அவரை அப்துல்லா பாதிரி என்று கேலி செய்தார்கள். அவர் ஈமானோடு வாழ்ந்தார், ஹஜ் பயணத்தில் உயிர் நீத்தார். ஒரு மொழியைக் கற்றதற்காக ஒருவரின் மார்க்கத்தை அளந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் இன்றும் முழுவதும் போய்விடவில்லை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அச்சுக் கோக்கும் வேலையை அவர் மெடர்ஸ்ட் என்ற பாதிரியாரிடம் பார்த்துப் பார்த்துக் கற்றார். அதைப் படித்துக் கற்றிருக்க முடியாது. எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும், கை பழக வேண்டும், மை எவ்வளவு தடவுவது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். பாலிடெக்னிக் பட்டறையில் கையேட்டை மூன்று முறை படித்தும் ஓடாத ஒரு இயந்திரத்தை, அங்கிருந்த பழைய தொழிலாளி ஒருவர் ஒரு முறை செய்து காட்டியதும் நாங்கள் ஓட்டினோம். கைத்தொழிலுக்குப் பார்வைதான் முதல் வாத்தியார். அந்த வகையில் காணொளி பார்த்துக் கற்கும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே பாதிரிமாரோடு அவருக்கு ஒரு சண்டையும் இருந்தது. தாம்சன் என்பவர் பைபிளை மலாயில் மொழிபெயர்த்தார், அப்துல்லா உதவிக்கு இருந்தார். தாம்சனுக்கு மலாய்ச் சொற்கள் தெரியும். வாக்கியமோ ஆங்கில வாக்கியமாக இருந்தது. இப்படி எந்த மலாய்க்காரரும் பேச மாட்டார், படித்தால் புரியாது என்று அப்துல்லா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தாம்சன் தமக்குத் தெரிந்தபடியே வைத்தார். அச்சாகிப் போனபின் அந்த மலாயின் பழி மொழி கற்பித்த முன்ஷியின் தலையில் விழுமே என்று அப்துல்லா வருந்தினார். தம் பக்கத்து நியாயத்தைத் தம் நூலில் எழுதியும் வைத்தார்.

இந்தச் சண்டைதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே முக்கியமானதாகப் படுகிறது. படிக்காமல் பேசினால் போதும் என்றவர்களோடு அவர் ஒரு பக்கம் வாதாடினார். கேட்காமல் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மொழி வந்துவிட்டது என்றவரோடு இன்னொரு பக்கம் வாதாடினார். கம்போங் பாலியிலும் சந்தையிலும் அந்த முதியவர்களின் திண்ணையிலும் கேட்டு ஊறிய காது அவருக்கு இருந்தது. அதனால்தான் எழுத்தில் வந்த பொய்யான மலாய் அவர் காதில் நெருடியது. காதை அவ்வளவாகப் புகழாத மனிதரை அந்தக் காதுதான் காப்பாற்றியது என்று சொல்வேன்.

சிங்கப்பூர் 1819-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த சில காலத்திலேயே அப்துல்லா இங்கு வந்து சேர்ந்தார். குடும்பம் மலாக்காவில், பிழைப்பு சிங்கப்பூரில். நம் பாட்டனார்கள் வாழ்ந்த வாழ்க்கைதான். வியாபாரிகளுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தார், வெள்ளைக்காரர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தார். 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளை ஒரு தமிழ் நண்பரின் துணையோடு தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். கணக்குப் பார்ப்பதற்காகத் தந்தை படிக்க வைத்த தமிழ் அங்கே போய்ப் பயன்பட்டது. மலாக்கா ராஜாக்களின் பழைய வரலாறான செஜாரா மெலாயுவை அச்சேற்றினார். 1838-இல் கிளந்தானுக்குக் கடிதங்கள் எடுத்துச் செல்லும் பயணத்தில் போய், வழியில் பகாங்கிலும் திரங்கானுவிலும் கண்டதையெல்லாம் எழுதி அந்த ஆண்டே அச்சில் கொண்டுவந்தார். அதில் அவர் மலாய் ராஜாக்களையும் மக்களையும் சாடிய சாட்டத்தில் சில இடங்களில் அளவு மீறியிருக்கிறது, ஆங்கிலேயரைப் புகழ்ந்ததிலும் மீறியிருக்கிறது. இதற்காக மலாய் அறிஞர்கள் அவரைக் கண்டித்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

புதிதாக எது வந்தாலும் போய்ப் பார்க்கிற குணம் கடைசிவரை போகவில்லை. புகைக்கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தபோது அதற்குள் இறங்கி இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். தகட்டில் படம் பிடிக்கும் கருவியையும், அதில் சிங்கப்பூர் நகரம் அப்படியே பதிந்திருந்ததையும் கண்டு வியந்து எழுதினார்.

அந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் பெரிய துக்கம் வந்தது. சித்தி லேலா என்ற மகள் எட்டு வயதளவில் மலாக்காவில் இறந்துவிட்டாள். மனைவி ஆறாமல் அழுதார். அருகில் இருந்து தேற்ற முடியாதபடி பிழைப்பு அவரைச் சிங்கப்பூருக்கு இழுத்தது. அவர் மனைவிக்காக ஒரு சிறு நூல் எழுதினார். தவாவுல் குலூப், இதயங்களின் மருந்து என்று அதற்குப் பெயர். தாம் இல்லாத நேரத்தில் தம் சொல் அந்த வீட்டில் இருக்கட்டும் என்று எண்ணினார் போலும். அதன்பின் வெகுகாலம் அந்த அம்மாளும் இருக்கவில்லை. பிரசவத்தில் காலமானார். இதை எழுதும்போதெல்லாம் எனக்கு அஞ்சடிக் கிராணியிடம் அன்பான சொல்லைச் சொல்ல வெட்கப்பட்ட பாட்டனார் நினைவுக்கு வருகிறார்.

ஆல்ஃபிரெட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார் தூண்டியதால் 1840 முதல் 1843 வரை அவர் தம் வாழ்க்கையை எழுதினார். அதுதான் ஹிக்காயாட் அப்துல்லா. அதுவரை ராஜாக்களையும் தேவர்களையும் பாடிக்கொண்டிருந்த மலாய் எழுத்தில், ஒரு சாதாரண மனிதர் நான் பிறந்தேன், நான் பார்த்தேன் என்று எழுதியது பெரிய புதுமை. 1849-இல் கீஸ்பரி பாதிரியாரின் சிங்கப்பூர் அச்சகத்தில் அது கல்லச்சில் வெளிவந்தது. நான் இங்கே சொன்னவற்றில் பெரும்பகுதி அந்த நூலிலிருந்து எடுத்ததுதான். மலாயிலேயே படிக்கலாம், ஆங்கிலத்தில் ஹில் என்பவர் செய்த மொழிபெயர்ப்பும் இருக்கிறது. நம் நூலக அலமாரியில் இரண்டையும் வைத்தால் நல்லது.

நம் சங்கத்துக்கு ஐம்பது ஆண்டு ஆகிறது. சங்கத்தை யார் யார் சேர்ந்து தொடங்கினார்கள், முதல் கூட்டம் எந்தக் கடை மாடியில் நடந்தது, முதல் ஜனாஸா நிதியை எப்படித் திரட்டினார்கள் என்பதையெல்லாம் பெரியவர்கள் திருமண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொல்வது ஒரு மாதிரி, மற்றொருவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. அப்படிச் சொன்னவர்களில் மூவர் இந்த மலர் வருவதற்குள் மவுத்தாகிவிட்டார்கள். மீதி இருப்பவர்கள் வீட்டுக்கு நம் இளைஞர்கள் போக வேண்டும். பேச்சைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாம், ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அதை எழுத்தில் இறக்கிவிட வேண்டும். முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட அந்த மலாக்காப் பிள்ளை செய்ததும் அதுதான்.

1854-ஆம் ஆண்டு அப்துல்லா சிங்கப்பூரில் பாய்க்கப்பல் ஏறி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். மலபார்க் கரைத் துறைகளைத் தொட்டு, கடலில் காற்றும் அலையும் ஆட்டிய ஆட்டத்தையெல்லாம் வழிநெடுக எழுதிக்கொண்டே போனார். மக்கா போய்ச் சேரும் இடத்தோடு எழுத்து நின்றுவிடுகிறது. அந்த ஆண்டிலேயே அந்தப் புனித மண்ணில் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் எழுதி வைத்திருந்த தாள்கள் கடல் கடந்து சிங்கப்பூர் திரும்பி வந்தன. சில ஆண்டுகள் கழித்துக் கீஸ்பரி நடத்திய மலாய் இதழில் அவை அச்சாயின. அவருடைய மகன் இப்ராஹீமும் முன்ஷியாகி, ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்து, தம் பயணங்களைத் தாமும் எழுதினார்.